கொக்கி எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள்
(வண்டி வாகனம்: வாசகர் கேள்வி பதில்)

பட்ட காலிலே படும் என்பார்கள். நடுவழியில் நின்றுபோன கார், ரெக்கவரி வண்டியில் ஏறி இறங்குவதற்குள் இன்னொரு அடியும் வாங்கிக்கொண்டு வருவதைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒரு கடிதம் ரெக்கவரி வண்டி ஓட்டுநரிடமிருந்தே வந்திருக்கிறது.

கே.எஸ்., விழுப்புரம்: என் செடான் காரை பிளாட்பெட்டில் ஏற்றும்போது முன் பம்பரின் அடிப்பகுதி கிழிந்துவிட்டது. "தாழ்வான வண்டின்னா இப்படித்தான் சார் ஆகும்" என்கிறார் ஓட்டுநர். உண்மையா?

தாழ்வான வண்டி என்பது உண்மை. இப்படித்தான் ஆகும் என்பது பொய். பிளாட்பெட் என்பது காரை முதுகில் ஏற்றிச் செல்லும் தட்டைத் தள வண்டி. அதன் தளம் பின்னால் சரிந்து தரையைத் தொடும்போது பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு வரும். முன் சக்கரம் அந்தச் சாய்வில் ஏறுவதற்கு முன்பே, சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பர் தளத்தின் விளிம்பில் போய் முட்டுகிறது. இதற்கு மருந்து இரண்டு மரப்பலகை. இரண்டு அங்குல கனமும் மூன்றடி நீளமும் உள்ள பலகைகளைத் தளத்தின் நுனியில், சக்கரம் வரும் தடத்தில் போட்டால் சக்கரம் முதலில் உயரும், பம்பரும் கூடவே உயர்ந்துவிடும். சாலையில் லேசான ஏற்ற இறக்கம் இருந்தால், ரெக்கவரி வண்டியின் முன்பக்கம் பள்ளத்திலும் பின்பக்கம் மேட்டிலும் இருக்கும்படி நிறுத்தினாலே சாய்வு குறையும். வேலை தெரிந்தவர் வின்ச்சை (கேபிளைச் சுற்றிக் காரை மேலே இழுக்கும் உருளையை) ஒரு அடி இழுப்பார், நிறுத்துவார், குனிந்து பார்ப்பார், பிறகு அடுத்த அடி இழுப்பார். ரிமோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனில் பேசுகிறவரிடம்தான் பம்பர் போகும்.

பம்பர் போனது கண்ணுக்குத் தெரியும். கொக்கியை எங்கே மாட்டினார் என்பது தெரியாது, செலவும் அங்கேதான் அதிகம். காரின் டூல் கிட்டில், ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் டோ ஹூக். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் மரையுள்ள துளை தெரியும். வளையத்தை அதில் கடைசி வரை முடுக்கி, வீல் ஸ்பேனரை உள்ளே விட்டு இறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் மரை இடப்பக்கம் திருகுவது. வழக்கம்போல் வலப்பக்கம் திருகினால் இறுகாது, பலவந்தம் செய்தால் மரை போய்விடும். வளையத்தை நேர்கோட்டில் மட்டுமே இழுக்கலாம். பக்கவாட்டில் இழுத்தால் வளையம் வளையும், சில சமயம் பம்பருக்குப் பின்னாலுள்ள இரும்பும் வளையும்.

அவசரக்காரர் இதையெல்லாம் தேட மாட்டார். கீழே படுத்து, கைக்கு எட்டிய டை ராடிலோ (ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் தண்டு) லோயர் ஆர்மிலோ (சக்கரத்தைத் தாங்கும் கை) கொக்கியை மாட்டிவிடுவார். டை ராட் கொஞ்சம் வளைந்தாலே போதும். ஸ்டீயரிங் நேராக நிற்காது, டயர் ஓரம் தேயும். அலைன்மென்ட் எடுத்தாலும் சரியாகாமல், காரணம் தெரியாமலேயே ஒரு வருடம் ஓட்டுவீர்கள். எனவே, "டோ ஹூக் எங்கே இருக்கு சார்?" என்று ஓட்டுநர் உங்களைக் கேட்டால் அவரை நம்பலாம். கேட்காமல் சங்கிலியோடு குனிந்தால் நீங்கள் கேளுங்கள்.

வாசகி, ஸ்ரீரங்கம்: பிளாட்பெட் கிடைக்கவில்லை, முன்பக்கம் தூக்கி இழுக்கும் வண்டிதான் வந்தது. எங்கள் கார் ஆட்டோமேட்டிக். அப்படிக் கொண்டுபோனது சரியா?

எந்தச் சக்கரம் காரை ஓட்டுகிறதோ அந்தச் சக்கரம் தரையில் உருளக் கூடாது. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, சிட்டி, பெட்ரோல் நெக்ஸான் போன்றவை முன் சக்கரத்தால் ஓடுபவை. அவற்றில் முன்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரத்தை உருளவிடலாம். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஈகோ போன்றவை பின் சக்கரத்தால் ஓடுபவை. இவற்றை முன்னால் தூக்கினால் பின் சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டும் சேர்ந்து சுழலும்.

ஆட்டோமேட்டிக்கில் இது ஏன் ஆபத்து? கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினோடு இணைந்தது. எஞ்சின் ஓடவில்லை என்றால் ஆயில் சுற்றாது. உள்ளே பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உரசிச் சூடாகும். நியூட்ரலில் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே, பின் சக்கர ஆட்டோமேட்டிக் என்றால் பிளாட்பெட், அல்லது பின் சக்கரங்களுக்கு அடியில் டாலி (சின்னச் சக்கரங்கள் உள்ள தாங்கி), அல்லது கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பின்முனையில் கழற்றிவிட்டு இழுப்பது. மூன்றும் இல்லையென்றால் காத்திருப்பதே லாபம்.

நான்கு சக்கரமும் ஓட்டும் எக்ஸ்யூவி700 ஆல்வீல், கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் வகைகளில் பேச்சே இல்லை: நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும். இரண்டைத் தூக்கி இரண்டை உருட்டினால் நடுவிலுள்ள கப்ளிங் தீய்ந்துபோகும். மின்சாரக் காரும் அப்படியே. அதில் மோட்டார் எப்போதும் சக்கரத்தோடு பிணைந்திருக்கிறது. காந்த மோட்டார் என்பதால், சுவிட்சை அணைத்திருந்தாலும் சக்கரம் சுழன்றால் மின்சாரம் உண்டாகி, மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரைத் தாக்கும்.

உங்கள் கார் முன் சக்கர வண்டியாக இருந்து, முன்பக்கத்தைத் தூக்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் பேட்டரி செத்துவிட்டால் பின் சக்கரப் பிரேக் விடுபடாது. அப்படியே இழுத்துச் சென்றிருந்தால் பின் டயர்கள் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். கையால் தடவினாலே தெரியும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும், அல்லது சக்கரத்துக்கு அடியில் டாலி வைத்திருக்க வேண்டும்.

எம்.ஏ., தூத்துக்குடி: காரை ஏற்றிய பிறகு இரண்டே பெல்ட் போட்டார். "அண்ணே, வின்ச் கேபிளும் பிடிச்சிருக்கு, பயப்படாதீங்க" என்றார். போதுமா?

போதாது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு பெல்ட் வேண்டும். முன்னிரண்டு முன்பக்கமாகவும் பின்னிரண்டு பின்பக்கமாகவும் இழுத்துப் பிடிக்க வேண்டும். வின்ச் கேபிள் காரை மேலே ஏற்றத்தான். கட்டி வைக்க அல்ல. சடன் பிரேக் அடிக்கும்போது கார் முன்னால் நகரும், கேபிள் தொய்யும். அடுத்த நொடி கார் பின்னால் வந்து வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பில் வின்ச்சின் கிளட்சோ பல்லோ நழுவலாம்.

பெல்ட் எங்கே போடுகிறார் என்பதும் முக்கியம். டயரைச் சுற்றிப் போட்டால் ஸ்பிரிங் தன் பாட்டுக்கு ஆடும், பெல்ட் இறுக்கமாகவே இருக்கும். சேஸில் போட்டுக் கீழே இழுத்தால் ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தளரும். தளர்ந்த பெல்ட்டின் கொக்கி கழன்றுவிடும். அலாய் வீலின் ஆரங்களுக்குள் சங்கிலி விடுவது சுத்தச் சோம்பேறித்தனம்.

பெல்ட் இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும், ராட்செட் (பல்சக்கர இறுக்கி) உள்ளதாக இருக்கட்டும். எவ்வளவு சுமை தாங்கும் என்ற லேபிள் தைத்திருக்க வேண்டும். ஓரத்தில் வெட்டு விழுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்துவதை நெடுஞ்சாலையில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட்டின் பலம் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியதும் காரை பார்க்கிலோ முதல் கியரிலோ போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்துவிட வேண்டும். கிளம்பி ஐந்து, பத்து கிலோமீட்டரில் ஓரங்கட்டி நான்கு ராட்செட்டையும் ஒரு பல் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த நிறுத்தத்தைச் செய்கிற ஓட்டுநர் உங்கள் கையில் கிடைத்தால் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் சிக்கிய காராக இருந்தால் பானெட்டைக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். காற்றில் திறந்து கண்ணாடியில் அடித்தால், உடையாமல் தப்பித்த ஒரே பாகமும் போய்விடும்.

ரெக்கவரி வண்டி ஓட்டுநர், ஓசூர்: எங்களைக் குறை சொல்லத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். இரவில் நாலுவழிச் சாலையில் தனியாக வேலை செய்கிறோம். எந்த வரிசையில் செய்தால் பாதுகாப்பு? வாடிக்கையாளர் காருக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது?

உங்கள் கோபம் நியாயம். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி, கிளீனர் கிடையாது, அடுத்த ட்ரிப்புக்கு போன் வந்துகொண்டே இருக்கும். கவனக்குறைவு என்று வாசகர்கள் எழுதுவதில் பாதி, இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளிடம் கொடுப்பதால் வருவது. அதை முதலாளிகள் படிக்கட்டும்.

வரிசை இது. பிளாட்பெட்டில் ஏற்ற நின்றுபோன காருக்கு முன்னால்தான் உங்கள் வண்டி நிற்க வேண்டும். அதாவது, வேகமாக வரும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே அந்தக் கார் மட்டுமே இருக்கும். அதனால் பெல்ட்டைத் தொடுவதற்கு முன் பின்னால் நடந்து போய் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். முக்கோணம் 100 மீட்டரில் இருந்தால் அந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது நாலரை நொடி. காரின் பின்னால் பத்தடியில் வைத்தால் அரை நொடிகூட இல்லை. வளைவு என்றால் வளைவுக்கு முன்பே வையுங்கள். அதன்பின் காரை நோக்கிச் சாய்வாக ஐந்தாறு கோன்கள். போகும்போது வண்டிகளைப் பார்த்தபடி, தடுப்புக் கம்பிக்கு வெளியே நடங்கள்.

ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் சட்டைக்கு மேலே இருக்க வேண்டும், சீட்டுக்குப் பின்னால் அல்ல. மஞ்சள் சுழல்விளக்கு எரியட்டும். ஆனால் வேலை செய்ய வைத்திருக்கும் வெள்ளை ஃப்ளட் லைட் பின்னால் வருபவர் கண்ணில் அடிக்கக் கூடாது. அது அடித்தால் உங்கள் ஜாக்கெட் எவ்வளவு ஒளிர்ந்தாலும் அவருக்குத் தெரியாது. ஹைட்ராலிக் லீவரையும் வின்ச்சையும் எப்போதும் இடப்பக்கம் நின்றே இயக்குங்கள். வலப்பக்கச் சக்கரத்தின் பெல்ட்டைக் கடைசியில் போடுங்கள், முதுகைச் சாலைக்குக் காட்டாமல். காரை இழுத்ததும் தளத்தைச் சமமாக்கி, அடுத்த பங்க் வரை மெதுவாக ஓட்டிப்போய் அங்கே மீதியைச் செய்துகொள்ளலாம் என்ற ஆசை வரும். கூடாது. நான்கு பெல்ட்டும் விழுந்த பிறகே வண்டி நகர வேண்டும்.

கேபிளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் மற்றவர்கள் படிப்பதற்காக: எவ்வளவு தூரம் இழுத்தாலும் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் சுமையைத் தாங்குவது டிரம்மிலுள்ள ஒரே ஒரு திருகாணி. நார் பிரிந்த இரும்புக் கேபிள் அறுந்தால் சாட்டை போலத் திரும்பும். அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கேபிளின் நடுவே ஒரு ஈரச்சாக்கைப் போட்டால் அறுந்தாலும் வேகம் குறையும். பள்ளத்திலிருந்து இழுக்கும்போது ஸ்நாட்ச் பிளாக் (கேபிளை மடக்கி விடும் கப்பி) போட்டு இரட்டையாக இழுங்கள். வேகம் பாதியாகும், வின்ச்சுக்குச் சுமையும் ஏறக்குறைய பாதியாகும்.

காருக்குள் உட்கார்ந்து வருவது அறவே கூடாது. பெல்ட் அறுந்தால் கார் மட்டுமா போகும்? உங்கள் கேபினில் சீட் பெல்ட் உள்ள இடம் எத்தனையோ அத்தனை பேரை மட்டும் ஏற்றுங்கள், மற்றவர்களுக்கு வேறு வண்டி பிடிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தோடு வந்தவர்களாக இருந்தால், வேலை முடியும்வரை தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். முதலில் குழந்தைகளை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டாடா 407 அளவு வண்டியில் தளம், வின்ச் எடையெல்லாம் போக மிஞ்சும் சுமை குறைவு. ஃபார்ச்சூனர் ஏறக்குறைய இரண்டு டன். மின்சாரக் கார்கள், அதே உருவமுள்ள பெட்ரோல் காரைவிட இருநூறு, முந்நூறு கிலோ கூடுதல். பின்னால் தூக்கி இழுக்கும் வண்டியில் சுமை பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குவதால் சீசா பலகை போல முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் வழுக்கும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி திரும்பினால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது அந்த வண்டியை எடுக்காதீர்கள். லைசென்ஸ் கவலை உங்களுக்கு வேண்டாம்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக மோட்டார் வாகன) லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எஃப்சி, இன்ஷூரன்ஸ் இரண்டும் நாள் தவறாமல் இருக்கட்டும்.

ஜே.பி., ஆம்பூர்: நாங்கள் கூப்பிடாமலேயே ஒரு ரெக்கவரி வண்டி வந்து நின்றது. "ஏத்திக்கலாம் சார், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஷெட்டுக்குப் போனதும் கேட்ட தொகையில் தலை சுற்றியது.

அப்புறம் பேசிக்கலாம் என்றால் பேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கார் அவர் முதுகில் ஏறிய பிறகு நீங்கள் என்ன பேசுவீர்கள்? சக்கரம் தளத்தைத் தொடும் முன்பே இவற்றைக் கேளுங்கள்: எத்தனை கிலோமீட்டர் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, திரும்பிப் போகும் தூரமும் கணக்கா, டோல் யார் தலையில், பள்ளத்திலிருந்து இழுக்கத் தனிக் காசா, இறக்குமிடம் எது. பதிலை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இறக்குமிடத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "நம்ம ஷெட் பக்கத்துலதான்" என்ற வார்த்தைக்குப் பின்னால் கமிஷன் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைக்கலாம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ரோந்து வண்டியும் கிரேனும் அவர்களிடம் உண்டு. ஆனால் சாலையை மறிக்காமல் உங்கள் காரை அப்புறப்படுத்துவதே அவர்கள் வேலை. ஆம்பூரிலுள்ள உங்கள் மெக்கானிக்கிடம் சேர்ப்பது அல்ல.

டி.வி., கோவை: இறக்கும்போது கதவில் நீளமாகக் கீறல். யாரிடம் கேட்பது?

ஏற்றும் முன் நான்கு பக்கமும், கூரையும், நான்கு வீலும், மீட்டரும் படம் எடுத்திருந்தால் ஓட்டுநரிடமும் அவர் நிறுவனத்திடமும் கேட்கலாம். படம் இல்லையென்றால் "ஏற்கெனவே இருந்தது" என்ற ஒரே பதில்தான் வரும். நல்ல நிறுவனத்தின் ஓட்டுநர் தானே காரின் படம் போட்ட தாளில் பழைய அடிகளைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார். அது உங்களைவிட அவருக்குத்தான் பாதுகாப்பு.

முழுக் காப்பீடு இருந்தால் இன்னொரு வழி உண்டு. தனியார் கார்களுக்கான பாலிசியில், சாலை வழியே ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் ஒரு பிரிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இடத்தை விட்டு நகராமல் அப்போதே சேதத்தைப் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். சின்னக் கீறலுக்கு நோ கிளெய்ம் போனஸை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்ட பிறகு கேளுங்கள். அதே பாலிசியில், விபத்துக்குப் பின் காரை அப்புறப்படுத்தும் செலவுக்கு ரூ.1,500 என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் தனியாக எடுத்திருக்க வேண்டும். அடிபட்ட காரைப் பழுது பார்க்காமல் நீங்களே ஓட்டிப்போய் சேதம் பெரிதானால், பெரிதான பங்கு உங்கள் பொறுப்பு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

வாசகர், வேளச்சேரி: மழைநீரில் மூழ்கிய காரை எடுக்க வருபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மழைக்கு முன்பே காரை ஏற்றி நிறுத்த மேம்பாலத்தில் இடம் கிடைக்காதவர் போலிருக்கிறது. சாவியை அவரிடம் கொடுக்கும்போதே, "ஸ்டார்ட் செய்து பார்க்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். ஏற்றுவது சுலபமாகுமே என்று ஒருமுறை முயன்றால் போதும்; சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். இக்னிஷனைக்கூட ஆன் செய்ய வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் லீவருக்கு அருகிலுள்ள ஷிஃப்ட் லாக் துளையில் சாவியையோ ஸ்க்ரூ டிரைவரையோ அழுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். மின்சாரக் கார் மூழ்கியிருந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள்களை யாரும் தொடக் கூடாது. இறக்கிய பிறகும் வீட்டை ஒட்டி நிறுத்தாமல் 15 மீட்டராவது தள்ளி, திறந்தவெளியில் நிறுத்துங்கள். உப்புநீரோ சேறோ புகுந்த பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

எஸ்., மதுரை: நோ பார்க்கிங்கில் நின்ற என் பைக்கைத் தூக்கிப் போனார்கள். சைலன்சர் வளைந்திருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, தடைசெய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றச் சீருடையிலுள்ள போலீசுக்கு அதிகாரம் தருகிறது. இழுவைச் செலவும் அபராதத்தோடு உங்கள் தலையில்தான். பணம் கட்டி ரசீது வாங்கும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்து, சேதத்தை எழுத்தில் கொடுங்கள். வெளியே கொண்டுவந்த பிறகு பேசிப் பயனில்லை.

காசு கொடுத்து பைக்கை ஏற்றுவதாக இருந்தால், ஹேண்டில் பார் நுனியில் கொக்கி மாட்ட விடாதீர்கள். முன் ஃபோர்க்கின் கீழ்ப் பாலத்தில் துணி வளையம் போட்டு, இருபக்கமும் ராட்செட்டால் இழுத்து, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்க வேண்டும். பின்னால் இரண்டு பெல்ட். ஸ்டாண்டு மடங்கியே இருக்கட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் முதல் வேகத்தடையிலேயே ஸ்டாண்டு பிரேம் வளையும்.

பி.எல்., நாமக்கல்: நண்பரின் காரில் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

மேனுவல் கியராக இருந்து, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்தால், பக்கத்து மெக்கானிக் வரை. இரு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள். இழுபடும் காரில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிற்றின் நடுவே சிவப்புத் துணி கட்டுங்கள். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக் கல்லாகிவிடும் என்பதை உட்காருபவரிடம் முன்பே சொல்லுங்கள். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கயிறு கட்டி இறங்கலாமா என்று கேட்க நினைத்தால், வேண்டாம்.

ஆர்., தென்காசி: பழைய கார் வாங்கினேன். டூல் கிட்டில் டோ ஹூக் இல்லை.

பழைய கார்களில் அடிக்கடி காணாமல் போவது இதுதான். அதே மாடலுக்கு உரியதை நிறுவன உதிரிபாகக் கடையில் வாங்குங்கள். பொதுவானது என்று விற்பதை வாங்காதீர்கள், மரையின் அளவு மாறும். வாங்கிய அன்றே மூடியைக் கழற்றி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். துளையில் மண்ணோ துருவோ இருந்தால் பிரஷால் சுத்தம் செய்து, கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.